பதினோரு மணிப் பத்து: நான் புழங்கிய ஜெபமாலைகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெபமாலை வாங்கினால் கடையிலேயே நின்று மணியை எண்ணிப் பாருங்கள். 59 இருக்க வேண்டும். மணிக்கு ஒரு மரியே வாழ்க ஜெபம் என்று பத்து மணி சேர்ந்தது ஒரு பத்து. ஐந்து பத்துக்கு 50, பத்துகளுக்கு இடையில் பெரிய மணி 4, குருசு தொங்கும் வாலில் சின்னது 3, பெரியது 2. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். நான் எண்ணாமல் வாங்கினேன், அதனால்தான் இவ்வளவையும் எழுத வேண்டி வந்தது.

நான் திண்டுக்கல்லில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம். நூலும் ஊசியும் கையில் இருப்பதைப் பார்த்து, எங்கள் கோயில் பங்கில் யாருக்கு ஜெபமாலை அறுந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். "கோத்துக் குடும்மா, காசு வாங்கிக்க" என்பார்கள். காசு வாங்குவதில்லை, நூல் மட்டும் வாங்கி வரச் சொல்வேன். இப்படிக் கோத்துக் கோத்து, எது எங்கே அறும், எந்த மணி எத்தனை நாள் தாங்கும் என்பது எனக்கு ஓரளவு அத்துபடி. துணிக்காரி துணியைத் தடவிப் பார்த்தே சொல்வது மாதிரி.

என் முதல் ஜெபமாலை, சின்ன வயசில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குக் கொடுத்த வெள்ளை ரேடியம் மாலை. பிளாஸ்டிக். இன்றைக்கும் அதே மாதிரிதான் வருகிறது, கோயில் வாசலில் 20 ரூபாய்க்கும் கிடைக்கிறது. வெளிச்சத்தில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தால் பச்சையாக மின்னும். சின்னப் பிள்ளைகள் ஜெபம் சொல்கிறார்களோ இல்லையோ, போர்வைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் தூங்கினேன். குறை என்று பார்த்தால், மணிகளைச் சேர்க்கும் கம்பி மெல்லிசு. வேர்வை பட்டால் துரு ஏறும், வெள்ளைச் சட்டைப் பையில் போட்டால் மஞ்சள் கறை விழும். வெயிலும் ஆகாது. என் வீட்டுக்காரர் லாரிக் கண்ணாடியில் தொங்கவிட்ட மாலை ஒரே வருஷத்தில் பல் மஞ்சளாகி, தொட்டால் பொடியும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனாலும் இந்த 20 ரூபாய் மாலையைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது, 2017 செப்டம்பரில் வேளாங்கண்ணியில் வாங்கிய கண்ணாடி மணி மாலை. திருவிழாவுக்குப் போயிருந்தோம். ஆகஸ்ட் 29 கொடியேறி, செப்டம்பர் 8 மாதா பிறந்த நாளோடு முடியும் அந்தப் பதினோரு நாளும் ஊர் முழுக்கக் காவிதான். நடந்து வந்தவர்களின் காலைப் பார்த்தால் நமக்கே வலிக்கும். மாதா குளம் போகும் மணல் பாதையில் முழங்காலிலேயே நகர்ந்து போகிறவர்களை ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த அளவுக்குத் திராணி கிடையாது. கோயிலுக்குப் போகும் வழியில் கடை, கடை, கடை. மெழுகுக் கை, மெழுகுக் கால், மெழுகு வீடு, சுரூபம், மாதா பக்தர்கள் கழுத்தில் போடும் உத்தரியம், சாவிக்கொத்து. அதில் ஒரு கடையில் நீலக் கண்ணாடி மாலை ஒன்று வெயிலில் தொங்கி, நடைபாதை மேலெல்லாம் நீலப் பொட்டு விழுந்துகொண்டிருந்தது. நான் விழுந்தது அங்கேதான்.

"இத்தாலி சரக்கும்மா. வெள்ளி முலாம். லைஃப் டைம் கேரண்டி" என்றார் கடைக்காரர். 450 சொன்னார், 350க்கு முடித்தோம். ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே பஞ்சு, மடித்த துண்டுத்தாள் ஒன்று. கோயில் வளாகத்திலேயே சாமியாரிடம் கொடுத்து மந்திரித்து, தீர்த்தம் தெளித்து வாங்கிக்கொண்டோம். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் டப்பாவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தத் துண்டுத்தாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெபமாலை சொல்லும் முறையை அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொரு பத்துக்கும் இயேசு, மாதா வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சியை நினைத்துச் சொல்ல வேண்டும், அதுதான் மறைபொருள். எந்தக் கிழமைக்கு எந்த ஐந்து என்று கணக்கு உண்டு. வியாழக்கிழமைக்கு மகிழ்ச்சி மறைபொருள் என்று போட்டிருந்தது. 2002 அக்டோபரில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்து, வியாழனை அதற்குக் கொடுத்தார். பதினைந்து வருஷம் கழித்தும் பழைய தாளையே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக ஜெபமாலை பழகுகிற ஒரு பிள்ளை இதை வைத்துச் சொன்னால், அந்த ஐந்தில் ஒன்றான கானாவூர்க் கல்யாணம் அதற்குத் தெரியாமலே போய்விடும். மறைபொருளைப் பழைய பேரில் தேவரகசியம் என்றே சொல்லும் என் மாமியாரோ, இந்தத் தாளைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டது. "பாத்தியா, வியாழக்கெழம சந்தோஷ தேவரகசியம்னு வேளாங்கண்ணியிலேயே அச்சடிச்சிருக்கான்" என்று இன்றைக்கும் அத்தாட்சி காட்டும்.

எங்கள் வீட்டு ஜெபத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் மேற்கொண்டு புரியும். ராத்திரி ஏழரைக்குப் பீடத்தில் விளக்கு ஏற்றி உட்காருவோம். அத்தை பழைய ஜெபம். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தொடங்கும். மகளுக்கு ஞானோபதேச வகுப்பில் சொல்லிக் கொடுத்தது "அருள் நிறைந்த மரியே வாழ்க". நான் நடுவில். பதில் சொல்லும்போது ஒரு பக்கம் "மரண நேரத்திலும்", மறுபக்கம் "இறப்பின் வேளையிலும்". இரண்டு ரேடியோவை ஒரே நேரத்தில் வைத்த மாதிரி இருக்கும். ஆளுக்கு ஒரு பத்து. மூன்றாவது பத்து என்னுடையது.

புது மாலை வந்த இரண்டாவது நாளே சண்டை ஆரம்பித்தது. நான் பத்தாவது முடிந்து இன்னொரு அருள் நிறைந்த மரியே தொடங்கினால், அத்தை அதற்குள், பத்து முடிந்ததும் சொல்லும் "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று போய்விடும். "தூங்குறியா?" என்றது முதல் நாள். "மிஷின்ல உக்காந்து கண்ணு சொருகுது, அதுக்கு ஜெபத்துல வந்து தடுமாறுற" என்றது மறுநாள். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ரோஷத்தில் விரலை மணியை விட்டு எடுக்காமல் சொன்னேன். அப்படியும் அத்தை முன்னாலேயே முடித்தது. "நீங்கதான் ஒண்ணு முழுங்குறீங்க அத்தை" என்றேன். இரண்டு வாரம் இந்தக் கூத்து. கடைசியில் மகள்தான் மாலையைப் பிடுங்கிப் பாய் மேல் நீட்டி வைத்து எண்ணினாள். மூன்றாவது பத்தில் பதினொன்று.

மொத்தம் 60. அத்தை அன்றைக்கு வெற்றிலை போட்ட மாதிரி முகம் சிவக்கச் சிரித்தது.

முலாம் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்தில் கம்பி கறுத்தது, மூன்றாம் மாதம் விரலில் பச்சை ஒட்டியது. வெள்ளி முலாம் என்றால் கறுக்கலாம், பச்சை ஒட்டினால் உள்ளே பித்தளையோ செம்போதான். கண்ணாடி மணி மட்டும் நல்ல மணி, அதைக் குறை சொல்ல முடியாது. கையில் எடுத்தவுடன் சில்லென்று இருக்கும், நாலாவது பத்துக்குள் கைச்சூடு ஏறிவிடும். அந்தக் கனமும் பிடித்திருந்தது. ஒவ்வொரு மணியும் விரலில் விழுவது தெரியும், எண்ணிக்கை தப்பாது. (பதினொன்று இருந்தாலொழிய.) ஆனால் மணிகளைச் சேர்க்கும் வளையத்தைச் சும்மா வளைத்து விட்டிருந்தார்கள், வாய் பொருந்தவில்லை. கனமான மணிக்கு மெல்லிசான வளையம் போட்டால் அது என்றைக்கு இருந்தாலும் வாயைப் பிளக்கத்தான் செய்யும். வாங்கும்போது இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மறு வருஷத் திருவிழாவுக்குப் போனபோது மாலையை அதே கடைக்குக் கொண்டுபோனேன். கேரண்டி என்று சொன்னாரே. அவர் மாலையை வாங்கி எண்ணினார், மறுபடி எண்ணினார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒண்ணு கூடத்தானம்மா இருக்கு, கொறையலையே. கூட ஒண்ணு சொன்னா மாதா கோவிச்சுக்குமா?" பக்கத்தில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. பதிலுக்கு ஒரு சாவிக்கொத்தைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார். பஸ் திருத்துறைப்பூண்டி தாண்டிய பிறகுதான் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

அதே வருஷம் நவம்பரில் கஜா புயல்.

வீட்டுக்காரர் தேங்காய் ஏற்றப் பேராவூரணிப் பக்கம் போயிருந்தார். 15ஆம் தேதி சாயங்காலம் போன் செய்து, "காத்து வரும்கிறாங்க, பட்டுக்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்ல ஓரங்கட்டிட்டேன், கிளீனரும் நானும் வண்டியிலயே படுத்துக்குறோம்" என்றார். ராத்திரி பத்து மணிக்கு மறுபடி அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அதோடு சரி. நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் கரையேறியதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். வரைபடத்தில் அந்தச் சுழி தரையில் நகர்ந்து, நேராக எங்கள் பக்கமே வந்தது. விடியற்காலையில் திண்டுக்கல்லிலும் காற்றும் மழையும். கரண்டு போனது. டிவி அணைந்தது.

நான் அந்த நீல மாலையைக் கையில் வைத்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எத்தனையாவது ஜெபமாலை என்று கணக்கில்லை. ஜெபம் என்றுகூடச் சொல்ல முடியாது, விரல் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. இருட்டில் என்ன இழுத்தேனோ, வளையம் ஒன்று வாயைப் பிளந்தது, அதோடு பக்கத்து வளையங்களும். மணி எல்லாம் தரையில் கொட்டி ஓடுகிற சத்தம். கண்ணாடி மணி சிமெண்டுத் தரையில் ஓடினால் எப்படிச் சத்தம் வரும் தெரியுமா? அந்த நேரத்தில் அந்தச் சத்தத்தை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. நாம் வேதக்காரர்கள், சகுனம் பார்க்கக் கூடாது என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்வார். விடிகாலை ஐந்து மணிக்கு, வீட்டுக்காரர் எங்கே என்று தெரியாத நேரத்தில், மந்திரித்த மாலை கையிலேயே அறுந்தால் பிரசங்கம் ஞாபகத்துக்கு வராது. வாய்விட்டு அழுதுவிட்டேன்.

அத்தை பாயில் இருந்தபடியே சொன்னது: "வெரலு பத்து இருக்குல்ல. எண்ணு."

அவ்வளவுதான். பெற்ற பிள்ளை புயலில் கிடக்கிறான், அந்த மனுஷி குரல் ஆடவில்லை. நான் விரலில் எண்ணத் தொடங்கினேன். இரண்டு பத்து போயிருக்கும், மகள் எழுந்து வந்து அவளுடைய ரேடியம் மாலையை மடியில் போட்டாள். இருட்டில் பச்சையாக இருந்தது. கரண்டு இருந்தவரைக்கும் விளக்கு வெளிச்சம் குடித்திருக்கும் போலிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, வெளுக்கும் நேரத்தில் சாதா வெள்ளை ஆகிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் 20 ரூபாய் மாலையைக் குறைத்துப் பேச வாய் வராது என்று மேலே சொன்னேன்.

17ஆம் தேதி மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன். அவர்தான். யாரோ ஒருவருடைய பைக்கில் ஏறி, சிக்னல் கிடைக்கிற இடம் வரைக்கும் வந்து பேசினார். லாரி மேல் பெட்ரோல் பங்க் கூரைத் தகடு ஒன்று விழுந்து கண்ணாடி போயிருந்தது. ஆட்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை. ரோடு முழுக்க மரம், அறுத்து அறுத்துத்தான் வர வேண்டும் என்றார். வீடு வந்து சேர இன்னும் மூன்று நாள் ஆனது.

மாதாதான் காப்பாற்றினாள் என்று நான் சொல்வேன், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் வந்த பிறகு அவர் சொன்னது ஒன்று உண்டு. ரோட்டோரம் ஒரு பெரியவர், அவருடைய தோப்பு மொத்தமும் ஒரே திசையில் படுத்துக் கிடக்க, வரப்பில் உட்கார்ந்திருந்தாராம். கழுத்தில் உத்தரியம். இவருக்கும் கிளீனருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது அவர்தான். அவர் வீட்டிலும் அந்த ராத்திரி ஜெபமாலை சொல்லித்தான் இருப்பார்கள். முப்பது வருஷத் தென்னை. இதை நான் எந்தக் கணக்கில் எழுத? ஜெபமாலை சொன்னவர் பிழைத்தார், சொல்லாதவர் போனார் என்று சாட்சி சொல்கிறவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவர்தான் ஞாபகம் வருகிறார். கேரண்டி கொடுத்தவர் கடைக்காரர். மாதா கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. கொடுக்காமலே நான் நம்புகிறேன், அந்தப் பெரியவரும் நம்புகிறார் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, மாலைக்கு வருவோம். அறுந்த மாலையின் ஆசீர் போய்விட்டதா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். மாலை தாயத்து இல்லை, சொல்கிற ஆளுக்குத்தான் ஜெபம், கோத்துச் சொல்லும்மா என்றார். கோக்க முடியாத அளவுக்குப் போய்விட்டால் குப்பையில் மட்டும் போடாதே, மந்திரித்த பொருளை மண்ணில் புதைக்க வேண்டும் அல்லது எரித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அறுந்த மாலை வைத்திருப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். பீரோ மூலையில் தீப்பெட்டிக்குள் பாதி மாலை வைத்திருக்காத கிறிஸ்தவ வீடு உண்டா?

மணிகளைப் பொறுக்கினோம். மிஷினுக்கு அடியில், பீரோவுக்கு அடியில், அத்தையின் வெற்றிலைப் பெட்டிக்குப் பின்னால். எண்ணிப் பார்த்தால் 59. ஒன்று எங்கேயோ போய்விட்டது. அத்தை உடனே, "பாத்தியா, மாதாவே எடுத்துக்கிட்டா" என்றது. கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு, கெட்டி நைலான் நூலில் கோத்தேன். ஒவ்வொரு மணிக்கும் இரண்டு பக்கமும் முடிச்சு. இப்போது ஒரு இடம் அறுந்தாலும் மற்ற மணி கொட்டாது. கடையில் வாங்கும்போதே இப்படி முடிச்சுப் போட்டுக் கோத்த மாலை கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

இதற்கு நடுவில் சித்தி மகன் எருசலேம் திருப்பயணம் போய்வந்து ஒரு ஒலிவ மர மாலை கொடுத்தான். பெத்லகேமில் வாங்கியது. நான் வைத்திருந்ததிலேயே அழகு இதுதான், ஒரு மணி மாதிரி இன்னொரு மணி இருக்காது. சிலதில் கறுப்பு ரேகை, சிலதில் தேன் நிறம். கை எண்ணெய் ஏற ஏறக் கறுத்துக்கொண்டே வருகிறது. கனமே இல்லை. அதுதான் எனக்குக் குறை. தூக்கக் கலக்கத்தில் சொன்னால் விரலில் மணி இருப்பதே தெரியாது. தண்ணீரும் ஆகாது, ஒருமுறை முந்தானையில் முடிந்து அப்படியே ஊறப்போட்டுவிட்டேன், மணி ஊறி ஓட்டை இறுகி நூலோடு பிடித்துக்கொண்டது. நிழலில் நாலு நாள் காயவைத்தேன். பூசைக்குப் போகும்போது மட்டும் இதை எடுத்துப் போகிறேன். பார்க்கிறவர்கள் கேட்டால் எருசலேம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பெருமை ஜெபத்தில் சேருமா என்று தெரியாது.

ஜெபமாலை மோதிரமும் வாங்கிப் பார்த்தேன். பத்து முண்டும் ஒரு குருசும் வைத்த ஸ்டீல் வளையம், 50 ரூபாய். பஸ்ஸில் போகிறவர்களுக்கு நல்லது, ஒரே கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் சுற்றிக்கொண்டே போகலாம், பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது. எனக்குத்தான் ஒத்துவரவில்லை. ஒரு கல்யாண ஆர்டர் ஷிஃபான் துணியில் அந்த முண்டு மாட்டி இழை இழுத்துவிட்டது. துணிக்குக் காசு கொடுத்தேன். அந்த ஜாக்கெட் துணியின் விலையில் ஏழு மோதிரம் வாங்கியிருக்கலாம். அன்றைக்கே கழற்றியவள்தான்.

போனில் செயலிகூட இருக்கிறது. அழுத்த அழுத்த மணி நகரும். எந்த நாளுக்கு எந்த மறைபொருள் என்று அதுவே சொல்லும், வியாழக்கிழமை உட்பட. மகள் காட்டினாள். இரண்டாவது பத்தில் யாரோ வாட்ஸ்அப்பில் ஜாக்கெட் கழுத்து மாடல் அனுப்பினார்கள். நான் கழுத்து மாடலைப் பார்த்தேன். அதற்கு மேல் செயலியைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மாதா டிவியில் ஜெபமாலை வரும்போது அதோடு சேர்ந்து சொல்வது வேறு, அதற்கு அத்தை ரசிகை. ஆனால் டிவிக்காரர் புது ஜெபம் சொல்வதால் அவரோடும் அத்தைக்குத் தகராறு உண்டு.

இப்போது அன்றாடம் புழங்குவது நானே முடிந்த கயிற்று மாலை. மணியே கிடையாது, முடிச்சுதான் மணி. நாகப்பட்டினத்தில் வலைக்கயிறு விற்கிற கடையில் நீல நைலான் கயிறு வாங்கி வந்தேன். ஒரு மாலைக்கு ஏழு மீட்டர் பிடிக்கும். ஆள்காட்டி விரலில் மூன்று சுற்று சுற்றி, நுனியை அதற்குள் விட்டு மெதுவாக இழுத்தால் குட்டிப் பீப்பாய் மாதிரி ஒரு முடிச்சு விழும். வேகமாக இழுத்தால் சுற்று ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கோணலாகிவிடும், பிரிக்கவும் முடியாது. பெரிய மணிக்கு நாலு சுற்று. கடைசி நுனியைத் தீக்குச்சியில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது. முதல் மாலைக்கு இரண்டு ராத்திரி ஆனது, இப்போது ஒன்றரை மணி நேரம். கயிறு விலை 30 ரூபாய்கூட வராது. குருசு மட்டும் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

துரு இல்லை, துணியில் மாட்டாது, தண்ணீரில் ஊறினாலும் உதறிக் காயப்போட்டால் சரி. மிஷினில் நூல்கண்டு வைக்கிற கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன், பாபின் சுற்றுகிற நேரத்தில் ஒரு பத்து சொல்லிவிடலாம். சத்தம் வராது என்பதுதான் இதில் பெரிய வசதி. வீட்டுக்காரர் ராத்திரி வண்டியில் இருக்கும் நாட்களில் இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டும். கண்ணாடி மாலையை எடுத்தால் கிலுகிலுவென்று பிள்ளை எழுந்துவிடும். இதைத் தலையணைக்கு அடியிலேயே வைத்துச் சொல்லலாம். வீட்டுக்காரரின் லாரியிலும் கண்ணாடியில் தொங்கிய மாலையைக் கழற்றிவிட்டு இதைத்தான் கட்டியிருக்கிறேன். குறை ஒன்றே ஒன்று: பார்க்க ஒன்றும் இருக்காது. கல்யாணத்துக்கோ புதுநன்மைக்கோ பரிசாகக் கொடுத்தால் வாங்குகிறவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரியும். நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

கோக்கக் கொண்டுவரும் மாலைகளில் நான் கண்ட ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வயசானவர்களின் மாலையில் முதல் பத்து மணி மட்டும் வழவழவென்று தேய்ந்து கலர் போயிருக்கும். இரண்டாவது பத்து பரவாயில்லை. ஐந்தாவது பத்து கடையிலிருந்து வந்த கலரிலேயே இருக்கும். அத்தையின் நாற்பது வருஷ மர மாலையும் அப்படித்தான். காட்டினேன். "ராத்திரி படுத்துக்கிட்டே ஆரம்பிப்பேன், மீதிய காவல் சம்மனசு சொல்லி முடிச்சிரும்" என்றது கொஞ்சமும் கூச்சம் இல்லாமல். சம்மனசு என்றால் தேவதூதர். அதனால் பழைய மாலையைக் கோக்கும்போது இப்போது ஒரு வேலை செய்கிறேன். தேய்ந்த பத்தைக் கடைசிக்கும் கடைசிப் பத்தை முதலுக்கும் மாற்றிப் போட்டுவிடுகிறேன். லாரிக்காரர்கள் டயரை மாற்றிப் போடுகிற மாதிரி. இன்னும் பத்து வருஷம் ஓடும்.

போன தவக்காலத்தில் மிஷின் பெல்ட் மாற்ற மெக்கானிக் வந்தார். அடிப்பலகையைக் கழற்றியபோது எண்ணெய்த் தட்டில் அழுக்குப் பஞ்சோடு ஒரு நீல மணி. மாதா எடுத்துக்கொள்ளவில்லை, என் மிஷின்தான் எடுத்துக்கொண்டிருந்தது. அத்தையிடம் சொன்னேன். "சரி, அங்கதான் வச்சிருந்திருக்கா" என்று முடித்துவிட்டது.

துடைத்து பாபின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மகள், "இத ஏன்மா வச்சிருக்க, மாலைதான் சரியா இருக்குல்ல" என்றாள். என்ன சொல்வது? கடைக்காரர் சிரித்து அனுப்பிய நாளிலிருந்து அந்தப் பதினோராவது மணி வரும்போதெல்லாம் அதை அவர் பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் கோபத்தில்தான், நீ பண்ணினதுக்கு நீயே வாங்கிக்கொள் என்று. புயல் அந்தப் பக்கம்தான் ஏறியது, அவர் கடைக் கூரை என்ன ஆனதோ. மணி போன பிறகும் மூன்றாவது பத்து முடிந்தால் வாய் தானாக இன்னொன்று சொல்கிறது. அத்தை பக்கத்தில் இருந்தால் "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று எனக்கு முன்னால் போய்விடும். இப்போது நான் சண்டை போடுவதில்லை, அதை மனசுக்குள் முடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துகொள்கிறேன்.